சீனப் பெருமதில்: எந்த ஊரில் என்ன கிடைத்ததோ அதுதான் சுவர்

சவுடுமண் எழுதியது:

பக்கத்து இழையில் ஒருவர் சீனப் பெருமதிலை "ஆயிரக்கணக்கான மைல் நீளக் கல்கோட்டை" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை.

நாம் காலண்டரில் பார்க்கிற மதில், அதாவது மலைமுகட்டில் சாம்பல் நிறச் செங்கலும் காவல் கோபுரமுமாக நெளிந்து போகிறதே, அது பெரும்பாலும் பெய்ஜிங் சுற்றுவட்டாரத்தில் மிங் அரசர்கள் (1368–1644) கட்டியது. மொத்தத்தில் அது ஒரு சின்னப் பங்கு. எல்லா அரச மரபுகளின் மதிலையும் அளந்து 21,196 கி.மீ. என்று 2012இல் சீன அரசு அறிவித்தது. அதற்கு முன் 2009இல் மிங் மதிலுக்கு மட்டும் சொன்ன கணக்கு 8,851.8 கி.மீ. அதையும் பிரித்துப் பாருங்கள்: ஆள் கட்டிய சுவர் 6,259.6, வெட்டிய அகழி 359.7, மீதி 2,232.5 கி.மீ. மலைச்சரிவும் ஆறும். கால்வாசி மதிலை யாருமே கட்டவில்லை! செங்குத்துப் பாறை இருக்கிற இடத்தில் எதற்குச் சுவர் என்று விட்டுவிட்டார்கள்.

கட்டிய பகுதியிலும் நிலத்துக்கு நிலம் பொருள் மாறும். ஷான்டோங் மலைகளில் பழைய சி நாட்டு மதில் கல் அடுக்கு, அதுவே சமவெளிக்கு இறங்கினால் மண். உள் மங்கோலியாவில் குயாங் பக்கம் சின் அரச மரபுக் காலத்து (கி.மு. 3ஆம் நூற்றாண்டு) மதிலைச் சாந்தே இல்லாமல் பலகைக் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் அந்த மலையில் கல் பலகை பலகையாகத்தான் பெயர்கிறது. ஷான்சி, கான்சு மாகாணங்களில் காற்றடித்துக் குவித்த மஞ்சள் வண்டல் மண், திமிசு (மண் இடிக்கிற கட்டை) போட்டு இறுக்கியது.

எனக்குப் பிடித்தது கான்சுவின் மேற்குக் கோடியில் இருக்கிற துன்ஹுவாங். அங்கே கல்லும் இல்லை, ஒட்டுகிற மண்ணும் இல்லை. கோபிப் பாலைவனத்துச் சரளையும், ஷூலே ஆற்றோரத்து நாணலும், தாமரிஸ்க் என்கிற பாலைப் புதரும் மட்டும்தான். கி.மு. 121இல் ஹான் பேரரசர் வூவின் படை மேற்கே துன்ஹுவாங் பக்கம் போகிற பாதையைப் பிடித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் யூமன்குவான் வாசல் வரை மதில் நீண்டது. அதைக் கட்டிய விதம்: நாணலைக் கட்டுக்கட்டாக விளிம்பில் கரைபோல வைப்பார்கள், நடுவில் சரளையைக் கொட்டி மிதிப்பார்கள், மேலே நாணலைப் பாயாகப் பரப்புவார்கள், மறுபடி சரளை. சாரப்பலகை தேவையில்லை, நாணல் கட்டே பலகை வேலையைப் பார்க்கிறது. இரண்டாயிரம் வருடம் ஆகியும் சில இடங்களில் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

---

பொடியன்92 எழுதியது:

நாணலா? எங்கள் வீட்டுக் கீற்றுக்கொட்டகையே மூன்று மழை தாங்காது. ஒரு தீப்பந்தம் போட்டால் மதில் காலி ஆகாதா சார்?

---

சவுடுமண் எழுதியது:

நல்ல கேள்வி. மழை முதலில்: துன்ஹுவாங்கில் வருடத்துக்கே சுமார் 40 மில்லிமீட்டர்தான் பெய்யும். ஐப்பசியில் நமக்கு ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் கொட்டும். நாணல் மக்குவதற்கு ஈரம் வேண்டும், அங்கே அது கிடையாது.

தீ: வெளியே தலைநீட்டும் நுனி கருகலாம். உள்ளே சரளை அமுக்கிப் பிடித்திருக்கிறது, காற்று போக வழியில்லை, அதனால் தீ உள்ளே பரவாது. காவல் கோபுரத்துப் பக்கத்தில் தீ சைகைக்காக அடுக்கி வைத்த விறகு, நாணல் குவியல்கள்கூட இன்னும் அப்படியே கிடக்கின்றன. உப்பேறி இறுகி, தொட்டால் கல் மாதிரி இருக்கிறதாம்.

1907இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் அந்தப் பக்கம் போனபோது மதிலைக் கண்டதோடு, ஹான் காலத்தில் எழுதிய மரச்சிலாகைகளையும் எடுத்தார். பிரெஞ்சு அறிஞர் எத்வார் ஷவான் அவற்றைப் படித்து 1913இல் வெளியிட்டார். எல்லாம் காவல்படைக் கணக்கு வழக்கு: யார் எத்தனை பச்சைச் செங்கல் அறுத்தான், யார் பூச்சு வேலை பார்த்தான், யாருக்கு எவ்வளவு தானியம். மதிலை ஒட்டி மணலைப் பரப்பி வழவழப்பாக்கி வைப்பது, காலையில் அதில் காலடித் தடம் தெரிகிறதா என்று பார்ப்பது, இதுவும் காவலர் வேலை. எல்லைக் காவலுக்கு மணலையே கருவியாக்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

ஸ்டைன் 1914இல் திரும்பப் போனபோது, ஏழு வருடத்துக்கு முன் அவரும் அவர் நாயும் நடந்த தடம் சரளையில் அப்படியே இருந்ததாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் நாணல் மக்குமா?

---

கரண்டி எழுதியது:

கட்டட வேலைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். நாணலைச் சும்மா இட்டு நிரப்பப் போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பாலைவனத்து நிலத்தடி நீர் முழுக்க உப்பு. மண்சுவர் என்றால் அந்த நீர் அடியிலிருந்து மெல்ல உறிஞ்சி ஏறும், நாம் ஓதம் என்கிறோமே அதேதான். வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் சுவரின் முகத்தில் பூக்கும். பூக்கிற உப்பு மண்ணைப் பிளந்து தள்ளும், சுவர் பொரிந்து உதிரும். அப்புறம் மணல் காற்று வந்து அந்த இடத்தைச் சுரண்டும். கான்சுவில் மண்மதில் படங்களை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கால்மாட்டில் குழிந்துதான் நிற்கும். மேலே நன்றாக இருக்கும், அடி அரித்து ஒருநாள் மொத்தமாகச் சாயும்.

நடுவில் நாணல் அடுக்கு வந்தால் இந்த ஏற்றம் அங்கே அறுபடும். நாணலுக்கும் சரளைக்கும் இடையில் பெரிய பெரிய இடைவெளி, நீர் அதில் தொற்றி ஏற முடியாது. நாம் அஸ்திவாரத்துக்கு மேலே தார் பூசி, ஓதத் தடுப்பு என்று பில் போடுகிறோம். அங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒன்று இருக்கிறது. போதாததற்கு நாணல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிறது, சரளை பிதுங்கி வெளியே வராது.

---

தெற்குவாசல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் "கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள்" என்பதைக் கொஞ்சம் அதிகமாகவே ரசிக்கிறோமோ என்று தோன்றுகிறது. மிங் காலத்துக்கு வாருங்கள். சாந்தில் பசையரிசிக் கஞ்சி கலந்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். பெய்ஜிங் மலையில் பசையரிசி விளைகிறதா? அது தெற்கே யாங்சி பக்கத்துச் சரக்கு.

இன்னும் நல்ல உதாரணம் நான்ஜிங் நகர மதில். 35 கி.மீ.க்கு மேல் நீளம். ஒவ்வொரு செங்கலும் சுமார் 40 செ.மீ. நீளம், 20 அகலம், 10 கனம். ஜியாங்சி, ஹூபே, ஹூனான், அன்ஹுய் என்று பல மாகாணங்களில் சுட்டுக் கொண்டுவந்தார்கள். செங்கலின் பக்கவாட்டில் மேலதிகாரி முதல் சூளைக்காரன் வரை பெயர் பொறித்திருக்கும். செங்கல் சரியில்லை என்றால் யார் தலைக்கு வரும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. இது உள்ளூர்ப் பொருளா? அரசனுக்குக் காசும் அதிகாரமும் இருந்தால் எங்கிருந்தும் வரும். இல்லாதபோதுதான் நாணல்.

---

சவுடுமண் எழுதியது:

தெற்குவாசல், நீங்கள் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. அந்த மாகாணங்கள் எல்லாம் யாங்சியும் அதன் கிளையாறுகளும் ஓடுகிற ஊர்கள். செங்கல் படகில் ஏறி நான்ஜிங் வாசலில் இறங்கியது. வடக்கே அரிசி போனதும் பெருங்கால்வாய் வழியாக. தண்ணீர் போகிற இடமெல்லாம் பொருளுக்கு உள்ளூர்தான். தண்ணீர் இல்லாத இடத்தில், மாட்டு வண்டி ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் ஏற்றிப் போகிற தானியத்தை மாடும் வண்டிக்காரனுமே தின்று தீர்ப்பார்கள்.

மிங் அரசிடம் காசு இருந்ததே, துன்ஹுவாங்குக்குக் கிழக்கே ஜியாயூகுவான் கோட்டைக்கு (1372) இருபுறமும் போகிற மதிலை ஏன் மண்ணில் போட்டார்கள்? அங்கே படகும் இல்லை, செங்கல் சுட விறகும் இல்லை. அதே மிங் அரசு கிழக்குக் கோடியில், ஷான்ஹாய்குவானில் மதில் கடலுக்குள் இறங்குகிற இடத்தில் கருங்கல்லைப் போட்டது. அலை அடிக்கிற இடத்தில் மண் நிற்காது. காசும் அதிகாரமும் ஒன்றுதான், வண்டிப் பாதையும் நிலமும்தான் வேறு.

சீனா மட்டும் இல்லை. கி.பி. 122இல் பிரிட்டனில் தொடங்கிய ஹேட்ரியன் மதிலும் இர்திங் ஆற்றுக்குக் கிழக்கே கல், மேற்கே முதலில் புல்தரையைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கியது. பிறகுதான் கல்லுக்கு மாற்றினார்கள்.

---

மீனாள்_சிங்கை எழுதியது:

நான் பெய்ஜிங் பக்கத்து மதிலில் ஜின்ஷான்லிங் பகுதியில் நடந்திருக்கிறேன். முத்திரை குத்திய செங்கல் அங்கேயும் உண்டு, மிங் அரசர் வான்லியின் ஐந்தாம் ஆண்டு (1577) என்று வருடமும், சுட்ட படைப்பிரிவின் பெயரும். வழிகாட்டி காட்டியிருக்காவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலால் தடவினால் எழுத்து நன்றாகப் பிடிபடுகிறது. கீழே இரண்டு மூன்று வரிக்குச் செதுக்கிய கல், அதற்கு மேல்தான் செங்கல். உடைந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே இடிகல்லும் மண்ணும். செங்கல் வெறும் சட்டைதான்!

அந்தச் செங்கலை ஆடுகளின் மேல் கட்டி மலையேற்றினார்கள் என்று ஒரு கதை சொன்னார்கள். கதையோ நிஜமோ, அந்தப் படிகளில் வெறுங்கையோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது.

---

கரண்டி எழுதியது:

மீனாள் அக்கா, ஆட்டுக்கதை எப்படியோ, செங்கல் ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்காது. ஹெபே மாகாணத்தில் பான்சாங்யூ என்ற கிராமத்தில் மதிலை ஒட்டியே மிங் காலச் சூளைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலவற்றில் சுட்ட செங்கலை இறக்கவே இல்லை, அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. மண், விறகு, சூளை எல்லாம் அந்த மலையடிவாரத்திலேயே.

சாம்பல் நிறம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்றோட்டமாகச் சுட்டால் நம் ஊர்ச் செங்கல் போலச் சிவக்கும். அவர்கள் சூடு உச்சத்தில் இருக்கும்போது சூளையை அடைத்து, மேல் மண்ணில் தண்ணீர் விட்டு மெல்லக் கசிய விடுவார்கள். உள்ளே ஆவி நிரம்பி, காற்று புகாமல் ஆறும். சிவக்க வேண்டிய இரும்பு கருமைக்குப் போய்விடும். கொஞ்சம் அவசரப்பட்டுத் தண்ணீரை அதிகம் விட்டால் மொத்தச் சூளையும் வெடித்துப் போகும். அனுபவஸ்தன் பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை அது.

அரிசிக் கஞ்சி பற்றி ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஜாங் பிங்ஜியான் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பழைய சாந்தில் அயோடின் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாதாரண மாவுச்சத்து என்றால் நீலமாகும், பசையரிசியில் இருப்பது பெரும்பாலும் அமைலோபெக்டின் என்கிற மாவுச்சத்து வகை, அது செம்பழுப்பாகும். செம்பழுப்புதான் வந்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித் திரும்பக் கல்லாகும்போது படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிட்டால் சாந்து பொரபொரவென்று ஆகிவிடும். இந்த அமைலோபெக்டின் படிகத்தை வளரவிடாமல் பொடியாகவே வைத்து, நடுவில் தானும் நிரம்பிக்கொள்கிறது. அதனால் இறுக்கம்.

நம் பக்கத்தில் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துச் சேர்க்கிற வேலை இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ரசாயனம் வேறு, இதையும் அதையும் ஒன்று என்று வாட்ஸப்பில் போடாதீர்கள்.

---

பொடியன்92 எழுதியது:

வாட்ஸப் என்றதும் ஞாபகம் வந்தது. மதிலுக்குள் லட்சக்கணக்கான ஆட்களைப் புதைத்தார்கள், சாந்தில் எலும்பைப் பொடித்துப் போட்டார்கள் என்று வருகிறதே?

---

தெற்குவாசல் எழுதியது:

மதிலுக்குள் ஆளைப் புதைத்ததாக எந்த அகழாய்விலும் சான்று கிடைக்கவில்லை. மெங் ஜியாங் என்ற பெண் அழுததில் மதில் இடிந்து, உள்ளே புருஷனின் எலும்பு தெரிந்தது என்று ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு, அதன் வால்தான் இது. வேலையில் ஏராளமானோர் செத்தார்கள் என்பது வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் இறுக்கிய மண்ணுக்குள் உடலைப் போட்டால் அது மக்கிக் குழி விழும், சுவர் அங்கேயே உட்காரும். எந்த மேஸ்திரி சம்மதிப்பான்?

கொடுமை வேண்டுமென்றால் ஆதாரத்தோடு ஒன்று இருக்கிறது. பெருமதில் இல்லை, ஆனால் அதே வட்டாரம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 413இல், சியோங்னு என்கிற நாடோடி இனத்து அரசன் ஹெலியன் போபோ தன் தலைநகரம் டோங்வான்செங்கைக் கட்டத் தொடங்கினான். இன்றைய ஷான்சி (Shaanxi) மாகாணத்தின் வடபகுதியில், ஜிங்பியன் பக்கம். மேற்பார்வை பார்த்தவன் கட்டிய சுவரில் ஊசியை இறக்கிப் பார்ப்பானாம். ஒரு அங்குலம் இறங்கினால் கட்டியவனைக் கொன்று அந்தச் சுவரிலேயே சேர்த்துக் கட்டிவிடுவான் என்று ஜின் வரலாறு என்கிற பழைய சீன அரச வரலாற்று நூல் சொல்கிறது. இது எழுதிவைத்த செய்தி. இருநூறு வருடத்துக்கு மேல் கழித்துத் தொகுத்த நூல் என்பதையும் மனதில் வையுங்கள்.

---

சவுடுமண் எழுதியது:

டோங்வான்செங்கை நீங்களே இழுத்துவிட்டதற்கு நன்றி. அதே நூலில் "மண்ணை ஆவியில் வேகவைத்துக் கட்டினார்கள்" என்றும் வருகிறது. மண்ணை எப்படி வேகவைப்பது? சுவரை ஆராய்ந்தபோது மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த கலவை என்று தெரிந்தது. சுட்ட சுண்ணாம்பைக் கலந்து தண்ணீர் விட்டால் கொதித்து நீறும், புகைபோல ஆவி கிளம்பும். பார்த்தவன் வேகவைக்கிறார்கள் என்று எழுதியிருப்பான் என்பதுதான் பொருத்தமான விளக்கம். சுவர் இன்றைக்கும் வெள்ளையாகத் தெரிகிறது, உள்ளூரில் வெள்ளை நகரம் என்றே பெயர். சுற்றிலும் வெறும் மணல். மணலை மட்டும் இடித்தால் நிற்காது என்பதால் சுண்ணாம்பு. இங்கேயும் நிலம்தான் சமையல் குறிப்பை எழுதியிருக்கிறது.

வண்டல் மண் இருக்கிற இடத்தில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் பலகை கட்டி, நடுவில் ஒரு சாண் அளவுக்கு மண் கொட்டி, திமிசால் இடித்துப் பாதியாக இறக்குவார்கள். ஈரம்தான் சூட்சுமம். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். கூடினால் திமிசு மண்ணில் ஒட்டும், குறைந்தால் இடிக்க இடிக்கத் தூள்தான். அந்த மஞ்சள் வண்டலில் இயற்கையாகவே சுண்ணாம்புச் சத்து இருப்பது இன்னொரு அதிர்ஷ்டம். இப்போதும் அங்கே மதிலின் வெட்டு முகத்தில் திமிசு பதிந்த வட்டக் குழிகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம்.

---

மீனாள்_சிங்கை எழுதியது:

எது நிலைத்தது என்பதையும் பாருங்கள். நியாயமாகச் செங்கல்தான் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் செங்கல் மனிதனுக்குப் பயன்படுமே! மதிலடி கிராமங்களில் பன்றிக்கொட்டில் முதல் வீட்டுச் சுவர் வரை மிங் செங்கல்தான். கலாசாரப் புரட்சிக் காலத்தில் பெயர்த்தெடுப்பதை அதிகாரிகளே ஊக்குவித்தார்கள். 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகுதான் செங்கலை எடுப்பது, மதிலில் கிறுக்குவது எல்லாம் கண்டிப்போடு தடையானது.

மண்மதிலுக்கு எதிரி கலப்பையும் சாலையும். 2023 ஆகஸ்டில் ஷான்சி (Shanxi, பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இது வேறு) மாகாணம் யூயு பக்கம், ஏற்கெனவே இருந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் குறுக்குவழி போட ஜேசிபி மாதிரி எந்திரத்தால் மிங் மதிலையே தோண்டிவிட்டார்கள், இரண்டு பேரைப் பிடித்தார்கள். தோண்டியவர்களுக்கு அது ஒரு மண்மேடு, அவ்வளவுதான். துன்ஹுவாங் நாணல் சுவரை யாரும் திருடவில்லை. திருடி என்ன செய்வது, அங்கே ஆளே இல்லையே.

---

கரண்டி எழுதியது:

பழுதுபார்க்கிறேன் என்று கெடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லியாவ்னிங்கில் சியாவ்ஹேகோ பகுதியை மழை அரிக்காமல் இருக்க மேலே வழவழவென்று ஒரே பட்டையாகப் பூசிவிட்டார்கள். 2016இல் படம் வெளியானதும் சீனாவே கொதித்தது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு, மண், மணல் கலவைதான் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும், பார்க்க நடைபாதை மாதிரி ஆகிவிட்டதே! சரியான பொருளைத் தவறான விதத்தில் போட்டாலும் வேலை கெட்டதுதான். மதிலின் தலையில் நீர் வடிய வழிசெய்து, பெயர்ந்த கல்லை அதன் இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதற்கு டெண்டரில் பெரிய தொகை வராது. எங்கள் பக்கத்திலும் ஒரு பழைய மண்டபத்துக்கு இதே கதி, அதைப் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

---

தெற்குவாசல் எழுதியது:

மண்மதிலின் மேல் வளர்ந்திருக்கிற பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் நல்லதல்ல என்று ஒரு ஆய்வு வந்ததே, அது உண்மையா?

---

சவுடுமண் எழுதியது:

உண்மை. 2023 டிசம்பரில் வெளியானது, சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் போ சியாவ் குழு. சுமார் 600 கி.மீ. மண்மதிலைச் சுற்றிப் பார்த்ததில் 67 சதவீத இடத்தில் நீலப்பச்சைப் பாசியும் பாசிச் செடிகளும் (moss) மேலே ஆடைபோலப் படர்ந்திருந்தன. அந்த ஆடை உள்ள இடத்தில் மண் இறுக்கமாகவும், நீர் எளிதில் புகாமலும், காற்றுக்கு உதிராமலும் இருந்தது. வேர் இறங்கும் செடிதான் மதிலைப் பிளக்கும், இது வேரில்லாத மேற்பூச்சு. வறண்ட பகுதியில் நீலப்பச்சைப் பாசி, கொஞ்சம் ஈரம் உள்ள இடத்தில் பாசிச் செடி. பாசிச் செடி உள்ள இடம் இன்னும் வலுவாக இருந்தது.

கட்டியவர்கள் இதைத் திட்டமிடவில்லை. ஆனால் சுட்ட செங்கல் முகத்தைவிட, இடித்த மண் இதற்கு நல்ல இடம் கொடுக்கிறது.

---

பொடியன்92 எழுதியது:

பெய்ஜிங் போகாமல் இந்த மண், நாணல் மதில்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்கலாம் அக்கா?

---

மீனாள்_சிங்கை எழுதியது:

ஜியாயூகுவானில் தொடங்கு. கோட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கருமலைச் சரிவில் ஏறுகிற மதிலையும் பார். ஆனால் அது பழுதுபார்த்தது, பழைய மண்ணையும் புதிய மண்ணையும் நிறத்திலேயே பிரிக்கலாம். அங்கிருந்து துன்ஹுவாங். யூமன்குவான் வாசல் துன்ஹுவாங் நகரிலிருந்து வடமேற்கே 80, 90 கி.மீ. இருக்கும், வாடகைக் கார் பிடித்தால்தான் உண்டு. அதே பாதையில் ஹான் மதில் துண்டும், ஹெசாங் தானியக் கிடங்கின் மண்சுவர்களும் வந்துவிடும். நாணல் சுவரைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயில் கொன்றுவிடும். வழியில் கடை ஒன்றும் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.